பழைய துப்பாக்கியின் பூர்வோத்தரம்

பழைய துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்க விரும்பும் யோக்கியமான பிரஜை, அது திருட்டுச் சொத்தா அல்லவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அறிந்துகொள்ள வழி உண்டா? சட்டப் புத்தகத்தை மேலெழுந்தவாரியாகப் புரட்டினால் உண்டு என்றே தோன்றும். நிதானமாகப் படித்தால் இல்லை என்பது விளங்கும். விற்பவன் சர்க்காருக்குத் தகவல் கொடுத்துவிட்டு 45 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அந்த 45 நாட்களில் வாங்குகிறவனுக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்று எந்த உத்தியோகஸ்தரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. குற்றத்தின் பாரத்தைப் பிரஜையின் தலையில் ஏற்றத் தெரிந்த சர்க்கார், குற்றத்திலிருந்து விலகி நிற்க அவன் கேட்கும் ஒரே கேள்விக்கு மௌனம் சாதிப்பது நியாயமாகாது. இந்தக் குறை நீங்க வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்தும் விஷயம்.

துப்பாக்கி என்றவுடன் சிலருக்குக் கொள்ளைக்காரர் நினைவுதான் வரும். நாம் இங்கே பேசுவது லைசென்ஸ் பெற்று, ஆண்டுகள் தவறாமல் புதுப்பித்து, தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொண்டு போகும் சாதாரண மனிதனைப் பற்றி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, சொந்தத் துப்பாக்கியுடன் பாங்குகளில் காவல் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வெகு தூரத்தில் தோட்டமும் வீடுமாக வாழும் மிராசுதார்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலர் புதுத் துப்பாக்கியைவிடப் பழைய துப்பாக்கியையே நாடுகிறார்கள். விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தகப்பனார் காலத்துத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பாத பிள்ளைகள் விற்கிறார்கள். ஒரு லைசென்ஸ்தாரர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதன் பிறகு மூன்றாவது துப்பாக்கிக்கு வேறு கைகள் தேட வேண்டியதாயிற்று. ஆகவே பழைய துப்பாக்கி கைமாறுவது அபூர்வமான சம்பவமல்ல. சட்டம் அனுமதித்த, சட்டமே சில சமயங்களில் உண்டாக்குகிற வியாபாரம்.

இந்த வியாபாரத்தில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்காக வைத்திருக்கும் துப்பாக்கியை ஒருவர் லைசென்ஸ் உள்ள மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தையும், வாங்குகிறவரின் பெயர் விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ, அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின் 45 நாட்களுக்குக் குறையாமல் கழிய வேண்டும். 8-வது பிரிவு இன்னும் கண்டிப்பானது. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ நம்பரையோ யாரும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அப்படி அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவன் வசத்தில் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், அவனே அழித்தான் என்று அனுமானிக்கப்படும். வேறொருவன் என்றோ அரத்தால் ராவிய குற்றத்துக்கு, இன்று வைத்திருப்பவன் கோர்ட்டில் நின்று தன் நிரபராதித்துவத்தை ஸ்தாபிக்க வேண்டும்!

இத்துடன் முடியவில்லை. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு, விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குகிறவனுக்கு வராது என்கிறது. திருடனிடம் வாங்கிய பொருள், எத்தனை பேர் கைமாறி வந்தாலும், எவ்வளவு நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும், சொந்தக்காரனுக்கே சேரும். துப்பாக்கியும் போய், கொடுத்த பணமும் போய், விற்றவனைத் தேடி அலைவதே வாங்கினவனுக்கு மிச்சம். 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சங்கிதையின் 317-வது பிரிவோ, திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதைப் பெறுகிறவனை மூன்று வருஷம் வரை சிறையில் வைக்க இடந்தருகிறது. ‘நம்பக் காரணம் இருந்ததா’ என்பது பிற்காலத்தில் கோர்ட்டில் வக்கீல்கள் வாதிக்கும் விஷயம். வாங்குகிற தினத்திலோ, அந்தக் காரணம் உண்டா இல்லையா என்று விசாரித்து அறிய அவனுக்கு வாயில் இல்லை.

45 நாட்கள் கழிந்துவிட்டன. கச்சேரியிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? விற்பனைக்கு ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம் கொள்ளலாம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது உலக வழக்கு. ஆனால் மௌனம் சாட்சியமாகாது. மனுவைக் குமாஸ்தா படித்தாரா, துப்பாக்கியின் நம்பரைத் திருட்டுப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தாரா, அல்லது மனுவைக் கட்டில் சேர்த்துவிட்டு வேறு வேலை பார்த்தாரா என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. நாளை அந்தத் துப்பாக்கி வேறு ஜில்லாவில் களவு போனதென்று வெளிப்பட்டால், சர்க்காரின் மௌனத்தைக் காட்டி அவன் தப்ப முடியாது.

ஆயுதச் சட்டத்தோடு தேசிய இயக்கத்துக்கு உள்ள சம்பந்தம் பழையது. லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியனை லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்து, ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தின் கொடுமைகளைத் தளர்த்த வேண்டுமென்று தீர்மானித்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் பிரஜைகளின் உரிமைகளை வரையறுத்தபோது, விதிகளுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. சுதந்திரம் வந்த பிறகு 1878-ம் வருஷத்துச் சட்டம் நீக்கப்பட்டு, 1959-ம் வருஷத்துச் சட்டம் 1962 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. நிற வித்தியாசம் ஒழிந்தது; நல்லது. ஆனால் பிரஜையைச் சந்தேகத்துடன் பார்த்து, அவனுக்குப் பதில் சொல்லும் கடமை தனக்கில்லை என்று நினைக்கும் பழைய மனப்பான்மை ஒழிந்ததா? விதிகளும் வரம்புகளும் வேண்டும் என்பதைக் கராச்சியிலேயே ஒப்புக்கொண்டோம். அந்த விதிகள் இரு தரப்பாரையும் கட்ட வேண்டாமா?

துப்பாக்கியின் நம்பரைக் குறித்து வைக்கும் ஒரு புத்தகம் எவ்வளவு பேச வல்லது என்பதற்கு நமது சரித்திரமே சான்று. 1914-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி, கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிகளுக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கச் சாவடியிலிருந்து அவர்களுடைய குமாஸ்தா வெளியே எடுத்தார். கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. மற்றவற்றைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. மறைந்த பெட்டிகளில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவற்றைக் கொண்டுபோன வங்காள வாலிபர்களின் தேசபக்தியைப் பற்றியோ, அவர்கள் சென்ற மார்க்கத்தைப் பற்றியோ இங்கே விவாதிக்க வரவில்லை. அந்த 50 துப்பாக்கிகளிலும் நம்பர் இருந்தது. அந்த நம்பர்கள் கம்பெனியின் புத்தகத்தில் இருந்தன என்பதே நமக்கு வேண்டிய விஷயம். 1918-ல் ரௌலட் கமிட்டி தன் அறிக்கையில், அவற்றில் 44 துப்பாக்கிகள் ஒன்பது கோஷ்டிகளுக்குப் பிரிந்து போயின என்றும், 54 சம்பவங்களில் உபயோகிக்கப்பட்டன என்றும், 31 துப்பாக்கிகள் மீட்கப்பட்டன என்றும் எழுத முடிந்தது. எங்கே ஒரு மௌசர் பிடிபட்டாலும் அது ரோடா கம்பெனியின் சரக்கா அல்லவா என்று சொல்ல ஒரு புத்தகம் இருந்தது. அந்நிய சர்க்கார் தன் பாதுகாப்புக்காக அப்புத்தகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. சுதந்திர சர்க்கார் பிரஜையின் பாதுகாப்புக்காக அதேபோன்ற புத்தகத்தைத் திறக்கக் கூடாதா?

இதற்கு மறுபுறமும் உண்டு. நம்பர் தெளிவாக இருந்தும், அதன் பின்னால் கைமாறிய வரலாறு பதிவாகாவிட்டால் என்ன நேரும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. 1948-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி மகாத்மாவின் உயிரைக் குடித்த கைத்துப்பாக்கி இத்தாலியில் செய்த பெரெட்டா. அதன் நம்பர் 606824. இரண்டு நாட்களுக்கு முன் குவாலியரில் கைமாறிக் கொலைகாரனிடம் வந்து சேர்ந்தது. புதுத் துப்பாக்கியல்ல, பல கைகள் கண்டது. அது முதன்முதலில் யாரால் எப்படி இந்நாட்டுக்குள் வந்தது என்பது வழக்கில் ஐயமற நிலைநாட்டப்படவில்லை. ஆறு இலக்கமும் அழியாமல் இருந்தன. அந்த இலக்கங்களுக்குப் பின்னால் தொடர்ச்சியான பதிவு இல்லை. பூர்வோத்தரம் தெரியாத துப்பாக்கி, விலை கொடுப்பவன் எவனுக்கும் ஊழியம் செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இந்த விஷயத்தைச் சிந்திப்பதற்கு விசேஷ காரணம் உண்டு. தென்னாற்காடு ஜில்லா 1993-ல் பிரிக்கப்படும் வரையில் அதன் தலைமையிடமாக இருந்த கடலூரின் ஒரு பகுதி இது. கச்சேரியும் மைதானமுமாக வெள்ளைக்காரன் காலந்தொட்டு நிர்வாகம் நடந்துவந்த ஸ்தலம். இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி இருக்கிறது. 1954 வரையில் அது வேறு ராஜாங்கம். இன்றும் வேறு நிர்வாகம். 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சியின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதற்குமுன் வாஞ்சி புதுச்சேரிக்குச் சென்று வந்ததையும், அதன் பின் அந்த எல்லையில் பிரிட்டிஷ் போலீஸார் வைத்த காவலையும் தேசிய சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். எல்லை ஒன்று இருக்குமிடத்தில் ஒரு கச்சேரியின் ரிஜிஸ்தர் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்த பாடம்.

சமீப காலத்துச் சம்பவங்களும் இருக்கின்றன. 1990-களில் இந்த ஜில்லாவைச் சேர்ந்த குள்ளஞ்சாவடியிலும், அடுத்துள்ள ஆண்டிமடத்திலும் போலீஸ் ஸ்டேஷன்கள் தாக்கப்பட்டு, அங்கிருந்த ஆயுதங்கள் பறித்துச் செல்லப்பட்டன. காவலர் வசமிருந்த துப்பாக்கியே களவு போகக்கூடும் என்றால், தனி மனிதன் வீட்டுச் சுவரில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு என்ன உத்தரவாதம்? களவு போனது எங்கே போயிற்று என்ற கவலை போலீஸாருக்கு மட்டும் உரியதல்ல. அது விற்பனைக்கு வரும்போது முதலில் பார்க்கிறவன் சாதாரண பிரஜைதான். அவன் கேட்க வழியிருந்தால் சர்க்காருக்கு அவனே துப்புக் கொடுப்பவனாவான்.

புத்தகங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. ஒன்றல்ல, பல இருக்கின்றன. லைசென்ஸ் விவரமும், அதில் ஏறிய துப்பாக்கியின் நம்பரும் கலெக்டர் கச்சேரியில் இருக்கின்றன. துப்பாக்கி காணாமற்போனால் லைசென்ஸ்தாரர் உடனே போலீஸில் சொல்ல வேண்டும் என்பது லைசென்ஸின் ஷரத்து; அந்தப் பிராது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. வாங்கியது விற்றது எல்லாம் துப்பாக்கிக் கடைக்காரரின் ரிஜிஸ்தரில் இருக்கின்றன. தேசம் முழுவதற்கும் பொதுவான ஆயுத லைசென்ஸ் பதிவு ஒன்றும் ஏற்பட்டு, லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த எண் மனிதனுக்கு உரியது. அவன் லைசென்ஸ் உண்மையா என்று சொல்லும். துப்பாக்கி திருட்டா என்ற கேள்வி வேறு. லைசென்ஸ் புத்தகமும் பிராதுப் புத்தகமும் ஒன்றையொன்று பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல இயலாது. பழைய மோட்டார் வண்டி வாங்குகிறவனுக்கு இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் ஏற்பாட்டில், வண்டியின் நம்பர்களைக் கொடுத்து, அது களவுப் பட்டியலில் உண்டா என்று அறிந்து அத்தாட்சியும் பெறலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா ராஜ்யத்தில், துப்பாக்கியின் நம்பரைக் கொடுத்துக் களவுப் பட்டியலில் உள்ளதா என்று எவரும் கேட்டறிய அந்த ராஜ்யத்துப் போலீஸ் இலாகாவே வழி செய்திருக்கிறது. தேசங்களுக்கிடையே களவுபோன, கடத்தப்பட்ட துப்பாக்கிகளைத் தேட இன்டர்போல் ஸ்தாபனம் ஐயார்ம்ஸ் என்ற பதிவை நடத்துகிறது. அது போலீஸ் இலாகாக்களுக்கு உரியது. மோட்டார் வண்டிக்குச் செய்ததைத் துப்பாக்கிக்குச் செய்யாதிருக்க என்ன முகாந்தரம்? திருட்டு வண்டியை அறியாமல் வாங்கினவன் வண்டியை இழப்பான். திருட்டுத் துப்பாக்கியை அறியாமல் வாங்கினவன் துப்பாக்கியோடு மானத்தையும், சில சமயம் சுதந்திரத்தையும் இழப்பான்.

ஆகவே நாம் கோருவது இதுதான். விற்பனை மனு வந்தவுடன் துப்பாக்கியின் நம்பரைக் களவுப் பதிவுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த 45 நாட்களுக்குள், ‘இந்த நம்பருள்ள துப்பாக்கி இன்ன தேதி வரையில் களவுபோனதாகப் பதிவில் இல்லை’ என்றோ, ‘இருக்கிறது, கைமாற்றக் கூடாது’ என்றோ, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். பக்கத்து ஜில்லாப் பதிவுகளும் புதுச்சேரிப் பதிவுகளும் இந்தப் பரிசோதனையில் சேர வேண்டும். அத்தாட்சி பெற்று வாங்கினவன் பேரில் பிற்காலத்தில் சந்தேகம் வந்தால், அந்தக் காகிதம் அவனுடைய நல்லெண்ணத்துக்குச் சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும். புதுச் சட்டம் கூட அவசியமில்லை. விதிகளில் ஒரு ஷரத்தைச் சேர்த்தால் போதும்.

சிலர் ஆட்சேபிக்கலாம். களவுப் பதிவைத் திறந்துவிட்டால், தன் வசமுள்ள துப்பாக்கியைப் போலீஸார் தேடுகிறார்களா என்று திருடனே தெரிந்துகொள்வான் என்பார்கள். லைசென்ஸ் நம்பரையும் விலாசத்தையும் கொடுத்து, கையெழுத்திட்டு, கச்சேரி வாசலில் காத்துநிற்கும் திருடனை நாம் கண்டதில்லை. அப்படி வந்தால் போலீஸாருக்கு அலைச்சல் மிச்சம்! நமது மாகாணத்தில் துப்பாக்கி வைத்திருப்போர் சொற்பம். அவர்களுக்காக இவ்வளவு ஏற்பாடா என்றும் கேட்கலாம். சொற்பமாயிருப்பதனால்தான் வேலையும் சொற்பம் என்பதே நமது பதில். கடைக்காரரிடம் வாங்கினால் தொல்லையில்லையே என்பாரும் உண்டு. கடைக்காரரும் பழைய துப்பாக்கியை யாரிடமோ வாங்கித்தான் விற்கிறார். அவருக்கும் இந்தப் பதில் அவசியமே.

சர்க்காரைக் கேட்கும்போது, வாங்குகிறவனின் கடமையையும் சொல்லாமல் விட்டால் நாம் ஒருதலைப்பட்சமாக எழுதியதாகும். மலிவாகக் கிடைக்கிறது என்ற ஆசையில் கண்ணை மூடிக்கொள்பவனுக்காக நாம் வாதாடவில்லை. விற்பவரின் அசல் லைசென்ஸைப் பார்க்க வேண்டும். நகலைப் பார்த்துத் திருப்தி அடையலாகாது. துப்பாக்கியில் பொறித்த நம்பரையும் லைசென்ஸில் எழுதிய நம்பரையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். உரிமைச் சாஸன எண் முதலியவற்றைத் துப்பாக்கி நம்பர் என்று மயங்கக் கூடாது. இரட்டைக் குழல் துப்பாக்கியானால் குழலைக் கழற்றி, குழலின் அடியிலும் பூட்டிலும் உள்ள நம்பர்கள் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால் காரணம் கேட்க வேண்டும். அரம் பட்ட தடமோ, மேலே புதிதாகக் குத்திய எழுத்தோ தெரிந்தால் அந்தத் துப்பாக்கியை வாங்கவே கூடாது; போலீஸில் சொல்ல வேண்டும். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் உரிய .303, 9 மில்லிமீட்டர் குழலுள்ள ஆயுதத்தை ஒருவன் ரகசியமாக விலைபேசினால், அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேறு புத்தகம் வேண்டியதில்லை. வாரிசு விற்கிறார் என்றால், இறந்தவர் லைசென்ஸ் என்னவாயிற்று, வாரிசின் பெயருக்கு மாறிற்றா என்று கேட்க வேண்டும். முதலில் வாங்கிய கடை ரசீது இருந்தால் பெற்றுக்கொள்ள வேண்டும். 45 நாட்கள் முடியுமுன் பணமும் கொடுக்கலாகாது, துப்பாக்கியையும் தொடலாகாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேறு ஜில்லாவில் களவு போய், நம்பர் மாறாமல், பொய்யான லைசென்ஸோடு வரும் துப்பாக்கியை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. பதிவு ஒன்றுதான் கண்டுபிடிக்கும். அந்தப் பதிவு சர்க்காரின் வசத்தில் இருக்கிறது. பிரஜை தன்னால் ஆனதைச் செய்துவிட்டு, தன்னால் ஆகாததைச் சர்க்காரிடம் கேட்கிறான். இதைச் சட்டசபை அங்கத்தினர்களும், பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகளும் கையிலெடுத்துப் பேச வேண்டும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஊர்களில் கூட்டங்கள் கூட்டித் தீர்மானங்கள் அனுப்ப வேண்டும். விதி மாறும் வரையில் காத்திராமல், இப்போதுள்ள விதிகளின்படியே, நம்பரை ஒத்துப் பார்த்து ஒரு வரி எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை நமது ஜில்லாக் கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டெண்டும் இன்றே தொடங்கலாம். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை.

நிரபராதி என்று நிரூபிக்கும்படி ஒருவனைக் கேட்கும் ராஜ்யம், நிரபராதியாக இருக்க அவனுக்கு வழியும் காட்ட வேண்டும். இது சலுகையல்ல, நியாயம்.